கப்பியும் மோலியும் போதும்

விஜ்தானிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்தான். "நாளைக்கு."

பிப்ரவரிக் குளிரில் ஒரு நாள் காலை, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது வலது கையும் வலது காலும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பாக்தாத்தில் பெண்கள் பள்ளியொன்றில் காலமெல்லாம் புவியியல் நடத்தியவள் அவள். கடைசி பெஞ்சில் கிசுகிசுக்கிற பெண்ணைக் கரும்பலகையைப் பார்த்தபடியே பெயர் சொல்லி அடக்குகிற குரல். அந்தக் குரல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சொற்கள் உள்ளே இல்லாமல் இல்லை. எல்லாம் இருந்தன. உதட்டருகே வரும்போது இந்த ஒரு சொல் மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. தேநீர் வேண்டுமா என்று கேட்டால் நாளைக்கு. கால் வலிக்கிறதா என்றால் நாளைக்கு. பார்க்க வந்தவர்கள் முதலில் அவளிடம் பேசினார்கள், பிறகு அவள் தலைக்கு மேலே ஒருவரோடொருவர் பேசினார்கள், பிறகு வருவது குறைந்தது. அதில் அவளுக்கு நிம்மதிதான். கோணிய வாயோடு யார் முன்னாலும் உட்கார அவளுக்கு விருப்பமில்லை. சக்கர நாற்காலியில் வாசற்படி தாண்டவும் சம்மதிக்கவில்லை.

அவள் கணவர் மிக்தாத் பல்செட் செய்கிறவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஊரில் பாதிக் கிழவர்கள் ரொட்டி மெல்லுவது தன் தயவில்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தாடையின் தசைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று விரல்களுக்குத் தெரிந்த மனிதர். தினமும் காலையில் பட்டறைக்குப் போகுமுன் அவள் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, இறங்கிப்போன கன்னத்தைக் கட்டைவிரலால் மெல்ல மேல்நோக்கி நீவிவிடுவார். யாரும் சொல்லித்தரவில்லை. அவருக்குத் தானாகத் தோன்றியது. அவள் தலைமுடியைப் பின்னிவிடுவதில் மட்டும் மகா மோசம். அவர் பின்னிய பின்னல் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். அதற்காக அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இந்த மனிதர் கிடைத்ததற்குத் தான் என்ன புண்ணியம் செய்தோமோ என்று அந்த நீவுகிற நேரத்தில் நினைத்துக்கொள்வாள். சொல்லத்தான் வழியில்லை.

பகலில் துணைக்கு மிக்தாத்தின் அக்கா இப்திசாம் வருவாள். விதவை, இரண்டு தெரு தள்ளி வீடு. வெண்டைக்காய்க் குழம்பும் சோறும் சமைப்பாள், துணி மடிப்பாள், ஓயாமல் பேசுவாள். விஜ்தானைப் பார்த்துப் பேசுவது அபூர்வம். தொலைபேசியில், ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டாரிடம், தொலைக்காட்சியிடம், எதுவும் இல்லாவிட்டால் வெண்டைக்காயிடம். ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். நாத்தனார் வந்து கதவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே விஜ்தான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்துவிடுவாள்.

வசந்தத்தில் மேல்மாடிக் குடும்பம் எர்பிலுக்கு வீடு மாறிப் போனது. போகும்போது ஒரு காலிக் கண்ணாடித் தொட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். தேநீர் மேசை அகலம்தான் இருக்கும். மிக்தாத் அதைத் துடைத்து, கூடத்தில் அவள் நாற்காலிக்கு எதிரே வைத்து, தண்ணீர் நிரப்பினார். அந்த வெள்ளிக்கிழமையே கஸ்ல் சந்தைக்குப் போனார். புறா, கோழி, முயல், நாய்க்குட்டி, பாம்பு என்று அங்கே விற்காத உயிரில்லை. அங்கிருந்து தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பைகள் இரண்டு கைகளிலும் தொங்க வந்து சேர்ந்தார். கண்ணில் எது அழகாகப் பட்டதோ அதையெல்லாம் வாங்கியிருந்தார். தங்க மீன் ஒரு ஜோடி. நீண்ட துடுப்புகளும் நூல்போல் தொங்கும் மீசையுமாக ஓர் ஏஞ்சல் மீன். உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் கொஞ்சம். வாலை விசிறிபோல் ஆட்டும் சின்னஞ்சிறு கப்பிகள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்கிற சக்கர் மீன் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினார்.

இப்திசாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "பேச்சு வராதவளுக்குப் பேசாத பிராணியா பாத்து வாங்கிட்டு வந்துருக்கே. நல்ல ஜோடிதான்டா சேத்துருக்கே."

"அக்கா, அவளுக்குக் காது கேக்கும்."

"கேக்கட்டுமே. நா பொய்யா சொன்னேன்?"

விஜ்தானுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை.

அதன் பிறகு அவளுக்கு நாள் முழுக்க அதுதான் வேலை. பார்த்தாள். வரைபடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எது மேலே திரிகிறது, எது அடியில் கிடக்கிறது, எது எதைத் துரத்துகிறது. அந்தத் தொட்டிக்குள் நடப்பதெல்லாம் தப்பு என்று புரிய அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை. டைகர் பார்புகள் கும்பல் சேர்ந்துகொண்டு ஏஞ்சலின் நூல்மீசையைக் கடித்துக் கடித்துத் துப்பின. ஏஞ்சல் ஒரு மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. அது பாவம் என்று இவள் இரக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, விளக்கணைக்கிற வேளையில் பக்கத்தில் வந்த ஒரு கப்பியை அது வாயைத் திறந்து லபக்கென்று விழுங்கியது. விழுங்கிவிட்டு மறுபடி பாவமாக நின்றது. தங்க மீன்களோ தின்பதும் கழிப்பதுமாகத் தண்ணீரை நாசம் செய்துகொண்டிருந்தன.

மிக்தாத் வந்ததும் அவள் இடது கையால் தொட்டியைக் காட்டினாள். "நாளைக்கு," என்றாள். அழுத்தி, "நாளைக்கு, நாளைக்கு," என்றாள்.

"பசிக்குதா அதுங்களுக்கு? சரியா சொன்னே," என்று அவர் இன்னும் ஒரு சிட்டிகை தீனி போட்டார்.

தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். குறைவாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து அவர் இன்னொரு சிட்டிகை போட்டார். தண்ணீர் மோர்போல் கலங்கியது. கப்பிகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போயின. எங்கேயோ ஒளிந்திருக்கின்றன என்றார் மிக்தாத். சக்கர் மீன் ஒரு காலையில் மல்லாந்து மிதந்தது. அவர் அதை வெளியே எடுத்துவிட்டு, இனி இவள் முன்னால் சாவு எதுவும் நடக்கக்கூடாது என்று சமையலறையில் அக்காவிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது விஜ்தானுக்குக் கேட்டது. சாவைப் பார்த்து அவள் கலங்கவில்லை. அவளுக்கு வந்தது கோபம். வீட்டில் ஒரு தப்பு கண்ணெதிரே நடக்கிறது, ஒரு வாக்கியம் சொன்னால் சரியாகிவிடும், அந்த ஒரு வாக்கியம் தன்னிடம் இல்லை.

ஒரு மத்தியானம் இப்திசாம் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ஒரு டைகர் பார்ப், கும்பலில் பெரியது, ஏஞ்சலின் வாலிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு போனது. விஜ்தான் நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் அழுத்தினாள். கை கால் பயிற்சி தர வீட்டுக்கு வருகிற பெண் எத்தனையோ முறை கெஞ்சியும் எழாத உடம்பு எழுந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டில் கிடந்த தேநீர் வடிகட்டியை எடுத்து, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டாள். துரத்தினாள். சட்டை நனைந்தது, கம்பளத்தில் தண்ணீர் ஓடியது. அந்தப் பட்டைக்காரன் வழுக்கி வழுக்கிப் போனான். கடைசியில் தங்க மீனின் பின்னால் ஒளிந்தவனை மூலையில் மடக்கி அள்ளி, பக்கத்திலிருந்த தேநீர்க் குவளைக்குள் கவிழ்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். விழாமல் உட்கார்ந்ததே பெரிய விஷயம்.

அன்று மிக்தாத் சீக்கிரமே வந்துவிட்டார். அவள் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருப்பதையும், குவளைக்குள் ஒரு மீன் வட்டமடிப்பதையும் பார்த்துக் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். துண்டை எடுத்துவந்து அவள் கையைத் துடைத்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் முறையாக அவள் பார்க்கிற திசையிலேயே அவரும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மற்ற பார்புகள் ஏஞ்சலைச் சுற்றி வளைப்பதைப் பார்த்தார்.

குவளையைக் காட்டி மெதுவாகக் கேட்டார். "இவன்தான் பெரிய ரவுடியா?"

விஜ்தான் குவளையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "திருட்டுப் பயல்," என்றாள்.

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். மிக்தாத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் தாராளமாகச் சொன்னாள். ரொட்டியோடு உள்ளே வந்த இப்திசாம், தன் தம்பியைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து, அதிலும் தப்பில்லை என்றாள்.

அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டாயிற்று. அவர் ஒவ்வொரு மீனாகக் காட்டிக் கேட்பார், அவள் தலையசைப்பாள் அல்லது கை விரிப்பாள். கப்பிகள் ஒளியவில்லை, ஏஞ்சலின் வயிற்றுக்குள் போயின என்பது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வந்ததும் இந்த ரவுடிகளைக் கொடுத்துவிட்டு வேறு நல்லதாகப் பார்த்து வாங்கி வருகிறேன் என்றார். விஜ்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனிதரைத் தனியாக அனுப்பினால் மறுபடி அழகைப் பார்த்துத்தான் அள்ளி வருவார். சுவரோரம் மடக்கி வைத்திருந்த சக்கர நாற்காலியைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அவள் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் மிக்தாத் வியாழக்கிழமையே நாற்காலியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு வைத்தார்.

சந்தையில் கூட்டம் நெரிந்தது. மீன்களை ஊறுகாய் ஜாடி ஒன்றில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே புறாக் கூண்டுகள் போயின. முழங்கால் உயரத்தில் வாத்துகள் கத்தின. யாராவது தன் வாயைப் பார்க்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொண்டே போனாள். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஜாடியைத்தான் பார்த்தார்கள். ஏஞ்சலுக்கு என்ன ஆச்சு என்று ஒருவர் நின்று விசாரித்துவிட்டே போனார்.

மீன் கடைக்காரர் ஹாசிம் பருமனான ஆள், கழுத்தில் ஈரத்துண்டு, வாயில் மிக்தாத் செய்த பல்செட். மிக்தாத் நிலைமையைச் சொல்லத் தொடங்கியதும் அவர் குனிந்து நேராக விஜ்தானைக் கேட்டார். "ஹாஜியா, தொட்டி எவ்வளவு பெருசு?" மூத்த பெண்களை அந்த ஊரில் மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்.

அவளிடம் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவள் இடது கையால் நீளம் காட்டினாள், மடியிலிருந்து உயரம் காட்டினாள். ஹாசிம் தலையாட்டினார். "சின்னதுதான். பார்புகளையும் தங்க மீனையும் நான் வாங்கிக்கறேன். பதிலுக்கு உங்களுக்குப் புடிச்சதை எடுத்துக்கங்க. இந்த ஃபைட்டர் மீனைப் பாருங்க, கடல் நீலம். கூட நியான் டெட்ரா ஒரு கூட்டம் விட்டா விளக்கு ஏத்தின மாதிரி இருக்கும்."

நியான் டெட்ராக்கள் உண்மையிலேயே விளக்குபோல் மின்னின. மிக்தாத் அப்போதே மயங்கிவிட்டார். விஜ்தான் பார்த்தாள். அவற்றின் சொந்த ஊர் எது என்று அவளுக்குத் தெரியும். அமேசான் காடு. மழைத் தண்ணீர், இலை ஊறிய தண்ணீர், உப்பும் சுண்ணாம்பும் இல்லாத மென்மையான தண்ணீர். நம் வீட்டுக் குழாயில் வருவதோ டைக்ரிஸ். மலையிலிருந்து சுண்ணாம்புப் பாறைகளையெல்லாம் கரைத்துக்கொண்டு வருகிற ஆறு. வருஷா வருஷம் பெண்களுக்கு நடத்திய பாடம். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். எங்கெங்கோ தேடி ஒரு சொல் வந்தது.

"கெட்டில்."

"டீ வேணுமாம்," என்று ஹாசிம் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுக்கப் போனார்.

மிக்தாத் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் டைக்ரிஸ் இருக்கிற திசையைக் காட்டினாள், பிறகு மீன்களைக் காட்டி, கையை விரித்தாள். "கெட்டில்," என்றாள் மறுபடி.

"இரு, இரு. நம்ம கெட்டில் உள்ள வெள்ளையாப் படிஞ்சு கெடக்குமே, அதா? நம்ம தண்ணி கடினம்ங்கறியா? இதுங்களுக்கு ஒத்துக்காதா?"

அவள் தலையாட்டிய வேகத்தில் அவர் பின்னிய பின்னல் அவிழ்ந்தது.

ஹாசிம் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உண்மைதான். ரொம்ப நாள் இருக்காதுங்க. ஆனா கேக்கறாங்க, குடுக்கறேன்." கொஞ்சம் வெட்கப்பட்டவர்போல் தெரிந்தார். அதன் பிறகு அவர் விற்கிற பேச்சை விட்டுவிட்டு யோசிக்கிற பேச்சுக்கு வந்தார். நம் ஊர்த் தண்ணீருக்கும் வெயிலுக்கும் கப்பியும் மோலியும்தான் சரி, இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது என்றார். ஆண் ஒன்றுக்குப் பெண் மூன்று வேண்டும், இல்லாவிட்டால் துரத்தித் துரத்தியே பெண்ணைச் சாகடித்துவிடும் என்றார். ஃபைட்டரை கப்பியோடு விடலாமா என்று மிக்தாத் ஆசையாகக் கேட்டபோது, கப்பியின் வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துச் சண்டைக்குப் போய்விடும் என்று ஒப்புக்கொண்டார். விஜ்தான் கடையின் ஓரத்திலிருந்த பீப்பாயை எட்டிப் பார்த்தாள். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஏதோ கிடந்தது. அது என்ன என்று கண்ணாலேயே கேட்டாள். வளர்ந்த சக்கர் மீனாம். அவர்கள் வீட்டில் செத்துப் போனதன் அண்ணன்.

மிக்தாத் உடனே எல்லாவற்றையும் பையில் போடச் சொன்னார். விஜ்தான் அவர் சட்டையைப் பிடித்தாள். "நாளைக்கு," என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். இந்த முறை அந்தச் சொல் தானாக வந்ததல்ல, அவள் சொன்னது. இன்றைக்குக் கப்பிகள் மட்டும். கலங்கிய தண்ணீர் தெளிந்து, அவை நிலைத்த பிறகு மோலிகள். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். அவள் கையால் ஒன்று, பிறகு ஒன்று என்று அடுக்கிக் காட்டினாள். ஹாசிம் மிக்தாத்திடம் திரும்பினார். "உங்க வீட்ல இவங்க சொல்றதைக் கேளுங்க. நீங்க பல்லை மட்டும் பாருங்க."

கடைசியில் ஜாடியில் ஏஞ்சல் மட்டும் மிச்சமிருந்தது. ஹாசிம் கை நீட்டியபோது விஜ்தான் ஜாடியை மடியோடு அணைத்துக்கொண்டாள். அந்தத் தொட்டியில் அவளுக்கு மனசுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். இரண்டு மாதம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மிக்தாத், அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கப்பிகள் நீந்தும் பையை அவள் பார்த்தாள். ஏஞ்சலைப் பார்த்தாள். பிறகு அவளே ஜாடியை ஹாசிமிடம் கொடுத்தாள். அவர் அதைப் பின்பக்கத்தில் உயரமான தொட்டியொன்றில், அதன் இனத்தோடு விட்டார். கடிபட்ட துடுப்பு வளர்ந்துவிடும் என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மிக்தாத் பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளியபடி, ஆண் ஒன்றுக்குப் பெண் மூன்றாம், எனக்கு ஒன்றையே சமாளிக்க முடியவில்லை என்று புலம்பிக்கொண்டே வந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கோணலாகத்தான் சிரித்தாள், நடுத்தெருவில்.

கோடை ஏறியபோது தொட்டி நன்றாக நிலைத்திருந்தது. கப்பிகள் மேல்மட்டத்தில் பொடிப்பொடியாகத் திரிந்தன. கரிய மோலிகள் நடுவில் நிதானமாகப் போய்வந்தன. ஒன்றை ஒன்று கடிக்கவில்லை. மிக்தாத் தீனி டப்பாவைத் தொடக்கூடாது என்று சட்டம் போடப்பட்டிருந்தது.

ஜூலையில் ஒரு நாள் மத்தியானம் அரசாங்க மின்சாரம் போயிற்று. அது தினமும் போவதுதான். கொஞ்ச நேரத்தில் சந்து முனையின் ஜெனரேட்டரும் இருமிவிட்டு நின்றது. பெல்ட் அறுந்துவிட்டது, ஆள் தேடிப் போயிருக்கிறார்கள் என்று தெருவில் சத்தம் கேட்டது. மின்விசிறி நின்றது. தொட்டியில் காற்றுக் குமிழி விடுகிற மோட்டாரும் நின்றது. வெளியே தார் உருகுகிற வெயில். இப்திசாம் சோபாவில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

விஜ்தான் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் மோலிகள் மேலே வந்தன. பிறகு கப்பிகளும். எல்லாம் தண்ணீரின் விளிம்பில் வாயை வைத்துக்கொண்டு காற்றுக்குத் தவித்தன. அவள் எழுந்து நின்றாள். இப்போது எழுவது பழகியிருந்தது. தேநீர்க் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கி, மறுபடி தொட்டியிலேயே ஊற்றினாள். விழுகிற தண்ணீர் கொஞ்சம் காற்றை உள்ளே கொண்டுபோகும். மொண்டு ஊற்றினாள், மொண்டு ஊற்றினாள். அவள் இடது கை சோர்ந்து தோளில் நெருப்பு பிடித்ததுபோல் இருந்தது. நிறுத்தினால் மீன்கள் மறுபடி மேலே வந்தன.

சத்தத்தில் இப்திசாம் விழித்தாள். "என்ன பண்றே? மீனுக்கு டீ ஆத்திக் குடுக்கறியா?"

விஜ்தான் திரும்பவில்லை. மீன்களைக் காட்டினாள். தன் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிப்பதுபோல் காட்டினாள். இப்திசாம் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். விஜ்தானின் குவளை பாதிகூட நிறையாமல் வருவதையும் பார்த்தாள்.

"குடு இங்க. உக்காரு நீ. விழுந்து தொலைச்சேன்னா என் தம்பி என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவான்." குவளையைப் பிடுங்கிக்கொண்டாள். இந்த வெயிலில் மனுஷருக்கே மூச்சில்லை, இந்தப் பொடிசுகளுக்கு ராஜ உபசாரமா, அல்லா என்னை ஏன் இந்த வீட்டுக்கு அனுப்பினான் என்று முனகிக்கொண்டே மொண்டு ஊற்றினாள். ஆனால் உயரத் தூக்கி, நிதானமாக, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினாள். கை வலித்தபோது கை மாற்றிக்கொண்டாள். நிறுத்தவில்லை. விஜ்தான் ஈரத்துணியைத் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டி, அட்டையால் விசிறினாள்.

வெகுநேரம் கழித்து இப்திசாமின் முனகல் தானாக ஓய்ந்தது. அந்த வீட்டில் அவள் வாய் ஓய்ந்து விஜ்தான் கேட்டதில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"எம் புருஷன் படுத்த படுக்கையா கெடந்தப்போ," என்று இப்திசாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நீ தெனம் ஸ்கூல் விட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்தே. வந்தவங்க எல்லாம் அதைச் செய், இதைச் செய்யின்னு யோசனை சொன்னாங்க. நீ ஒண்ணும் சொல்லல. எம் பக்கத்துல உக்காந்துருந்துட்டுப் போவே. அது எனக்கு எவ்வளவு பெருசுன்னு உங்கிட்ட நா சொன்னதே இல்ல." குவளையை மறுபடி மொண்டாள். "எனக்கு அந்த மாதிரி சும்மா உக்காரத் தெரியல விஜ்தான். உன்னை இப்படிப் பாக்க என்னால முடியல. அதான் வாய மூட முடியல."

விஜ்தான் விசிறுவதை நிறுத்தினாள். இத்தனை மாதமும் இந்தப் பேச்சு தன்னை மதிக்காத பேச்சு என்று நினைத்திருந்தாள். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. குழம்பும் சோறும், மடித்த துணிகளும், தினமும் இரண்டு தெரு நடந்து வருகிற வீங்கிய கால்களும் நினைவுக்கு வந்தன. நாத்தனாரின் ஈரக் கையைத் தன் இடது கையால் பிடித்தாள்.

யாராவது நமக்காக ஏதாவது செய்தால் அந்த ஊரில் சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லிப் பழகிய வாக்கியம் ஒன்று உண்டு. யோசித்துச் சொல்வதில்லை, நாக்கில் ஊறிக் கிடப்பது. அது எங்கோ அடியிலிருந்து, முழுதாக, ஒரு எழுத்து சிதையாமல் மேலே வந்தது.

"உன் கை நல்லா இருக்கட்டும்," என்றாள் விஜ்தான்.

இப்திசாம் குவளையைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள். பிறகு அவசர அவசரமாக எடுத்து மறுபடி மொண்டாள். ஏனென்றால் மீன்கள் காத்திருந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊற்றினாள். வெயில் தாழ்ந்து, சந்து முனையில் ஜெனரேட்டர் உறுமி, தொட்டியில் குமிழிகள் கிளம்புகிற வரை இருவரும் மாறி மாறி ஊற்றினார்கள். ஒரு கப்பி மட்டும் பிழைக்கவில்லை. மற்றதெல்லாம் பிழைத்தன. பட்டறையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த மிக்தாத், அக்காவும் மனைவியும் கம்பளம் முழுக்க ஈரமாக, தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அக்கா அவரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினாள். எத்தனை பேரிடம் சொல்லிக் காட்டினாளோ, அந்த வாரம் தெருவில் அது தெரியாதவர் இல்லை.

அதற்கு அப்புறம் விஜ்தானுக்குச் சொற்கள் வந்தன. மழைபோல் வரவில்லை. ஒன்றிரண்டாக, சில சமயம் இடம் மாறி, சில வராமலே. மருத்துவர் இவ்வளவே பெரிது என்றார். அவளும் அப்படித்தான் எண்ணினாள். காலையில் மிக்தாத் கன்னத்தை நீவி முடித்ததும் அவர் கைக்கும் அதே வாக்கியத்தைச் சொல்வாள். அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் எழுந்து போவார்.

இலையுதிர் காலத்தில் மோலி குட்டி போட்டது. கண்ணும் வாலும் மட்டுமே உள்ள பொடிகள். அதில் கொஞ்சத்தை இப்திசாம் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் வீட்டுக் கூடத்தில் ஒரு தொட்டியும் வைத்தாள். இப்போது அவள் தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். இன்றைக்கு ஒன்று அடியிலேயே கிடக்கிறது, என்ன செய்யட்டும்? சந்தையில் சிவப்பாக ஒன்று பார்த்தேன், இதோடு ஒத்துப்போகுமா? கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவாள். விஜ்தான் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பதிலுக்கான சொல்லைத் தேடுவாள். சில நாள் வெகுநேரம் ஆகும். அந்தப் பக்கம் இப்திசாம் வாயே திறக்காமல் இருப்பாள்.